செத்துவிட்டது என்று சொன்னேன்

என் அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். மூன்றே சொற்கள்தான். அதே விஷயத்தை ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்தவள் நான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நம்பினாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அத்தா விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்தார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சிவகாசியில் கட்டிக்கொடுத்துவிட்டார். மச்சானுக்கு அங்கே ஓர் ஆஃப்செட் பிரஸ். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், சரவெடியைச் சுற்றுகிற கலர் தாள், மத்தாப்பு உறை எல்லாம் அங்கே அச்சாகும். கல்யாணமான புதிதில் மச்சானுக்குச் சாப்பாடு கொண்டுபோன அக்கா, மெஷினிலிருந்து வெளியே வந்து விழும் தாள்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்தில் தாள்களைச் சரிபார்க்கும் மேஜை அவளுடையதாகிவிட்டது. கையில் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். மயிரிழை விலகியிருந்தாலும் கையைத் தூக்குவாள், மெஷின் நின்றுவிடும். மச்சான் அவளிடம் ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அத்தா எனக்கும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். அக்கா தன் ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சிவகாசியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"அவ படிக்கட்டும் அத்தா."

"படிச்சு என்ன செய்யப் போறா?"

"என்னமும் செய்யட்டும். எனக்குக் கேக்கத்தான் ஆளில்லாமப் போச்சு. அவளுக்கு நான் இருக்கேன்ல?"

மூன்று நாள் ஊருக்குத் திரும்பாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மச்சான் போன் செய்தபோது, "இங்கன ஒரு வேலை முடியல" என்று மட்டும் சொன்னாள். நான்காம் நாள் அத்தா என்னைக் கல்லூரியில் சேர்த்தார்.

அங்கே விலங்கியல் படித்து, பிறகு மதுரை, அதன்பின் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் என்று போனேன். நான் என்ன ஆராய்ச்சி செய்தேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். உடம்பிலுள்ள செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒரு செல்லுக்குள் பெரிய சேதம் ஏற்பட்டால் அது செத்துப்போகலாம். சாகாமல், இனிப் பிரிவதில்லை என்று அப்படியே நின்றுவிடவும் செய்யலாம். இப்படி நின்றுவிடுவதைச் செல்லின் மூப்பு என்கிறோம். சேதமடைந்த செல் பெருகாமல் நிற்பதால் புற்றுநோய்க்கு அது ஒரு தடை. ஆனால் மூப்படைந்த செல் சும்மா இருப்பதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களை உசுப்பிவிடும் பொருட்களை அது கசிந்துகொண்டே இருக்கும். அதனாலேயே பக்கத்தில் இன்னொரு புற்று வளர வழி பிறக்கலாம். கீமோ மருந்து கொடுக்கும்போதும் புற்றுநோய்ச் செல்கள் எல்லாம் சாவதில்லை, சில இப்படி நின்றுபோகும். ஸ்கேனில் கட்டி வளராமல் இருப்பதாகத் தெரியும். அந்த நின்றுபோன கூட்டத்தில் ஏதோ ஒன்று எத்தனையோ மாதம் கழித்து மறுபடியும் பிரியத் தொடங்கலாம்.

என் வேலை இந்தக் கடைசி விஷயத்தில்தான். கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, அதில் கீமோ மருந்தை ஊற்றுவேன். மூப்படைந்த செல்களை நீலமாகக் காட்டும் சாயம் ஒன்று உண்டு. சில தட்டுகளில் அதைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணுவேன். சாயம் போடாத தட்டுகளை வாரக்கணக்காக அப்படியே விட்டு வைப்பேன். ஏதோ ஒரு காலையில், அசைவில்லாமல் கிடந்த தட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு சின்னக் கூட்டம் பெருகியிருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தக் கூட்டம் இருந்தால்தான் என் ஆய்வேடு நிற்கும். மூன்று தட்டுகளில் அப்படி முளைத்த அன்று கூட இருந்தவர்களுக்கு நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது, மடிக்கணினியில் அந்தப் படங்களை அக்காவுக்குக் காட்டினேன்.

"என்னடி இது, மை சிந்துன மாதிரி?"

"கேன்சர் செல்லுக்கா. மருந்து பட்டதும் நின்னுபோச்சு."

"புளூ ஒண்ணு போல விழல பாரு. இந்த ஓரத்துல கூடக் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகவாயில் ஒரு மச்சம் உண்டு. அதைக் காட்டி, "உன் மச்சமும் இந்தக் கதைதான். ஒரு செல்லு கோளாறாகி, பெருக ஆரம்பிச்சு, கொஞ்ச தூரம் போயி தானா நின்னுபோச்சு. நிக்காமப் போயிருந்தா அது வேற" என்றேன்.

அக்கா முகவாயைத் தடவிக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்தவுக இதைத்தான் அதிர்ஷ்ட மச்சம்னு சொன்னாக. நீ என்னடான்னா கேன்சருங்கற. சரி, நின்னா நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அப்ப விடு, அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நின்றால் நல்லது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

ஆய்வுத் திட்டம் முடிந்ததும் எனக்கு வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை. விருதுநகருக்கே திரும்பி, ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கச் சேர்ந்தேன். அதற்குள் அத்தாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். சனிக்கிழமை தோறும் ஆமத்தூர் வழியாகப் பஸ் பிடித்து சிவகாசிக்குப் போய்விடுவேன். எனக்கென்று இருந்த வீடு அக்கா வீடுதான். அவளுடைய மகளும் கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போய்விட்டதால், என்னைக் கண்டதும் அக்கா வாரம் முழுவதும் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கொட்டுவாள்.

தீபாவளி முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை அவள் எதுவும் பேசவில்லை. அடுக்களையில் என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்கன தொட்டுப் பாரு."

பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

"எம்புட்டு நாளாக்கா இருக்கு?"

"ஆடியில பாத்தேன். லோடெல்லாம் போகட்டும்னு இருந்தேன். வலிக்கவும் இல்ல."

அவளை அந்த வாரமே மதுரைக்கு அழைத்துப் போனோம். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மச்சானையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர். என் வயதுக்காரப் பெண்மணி. சுற்றி வளைக்கவில்லை.

"ஈரலுக்குப் பரவிடுச்சு. ரெண்டு இடத்துல இருக்கு. முழுசாக் குணமாக்க முடியாது. மருந்து குடுத்துக் கட்டுப்படுத்தி வைக்கலாம். எவ்வளவு நாள்னு என்னைக் கேக்காதீங்க."

வெளியே வரும்போது, அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்குத் திரும்பும் முனையில் மச்சான் நின்றார். அவர் அதிகம் பேசாத மனிதர். சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டி, உடனே கழற்றினார்.

"குணமாகாதுன்னு அவட்ட சொல்ல வேணாம்மா. நீ சொன்னா அவ நம்புவா. நல்லதாச் சொல்லு."

"சரி மச்சான்" என்றேன்.

அக்கா ரிப்போர்ட்டை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஈரல்லயும் என்னமோ போட்டிருக்காகளே?" என்று கேட்டாள். "ரெண்டு சின்னப் புள்ளி. மருந்துக்குக் கட்டுப்படும்" என்றேன். அது பொய்யில்லை. அதனால் சொல்வதும் எளிதாக இருந்தது.

பிரஸ்ஸில் வேலை பார்க்கும் பெண்கள், இது மையினால் வந்ததா, மெஷின் துடைக்கும் மண்ணெண்ணெயினால் வந்ததா, ஊரைச் சுற்றியிருக்கும் வெடிமருந்தினால் வந்ததா என்று என்னிடம் கேட்டார்கள். நான் டாக்டரிடம் கேட்டேன். ஓர் ஆளைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். அதையே அவர்களிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் தாள் அடுக்க ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. மச்சான் காரை எடுத்துக்கொண்டு வருவார், விருதுநகர் பைபாஸில் நான் ஏறிக்கொள்வேன். அக்காவுக்கு இரண்டாவது தடவையிலேயே முடி கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண்ணாகி, நீராகாரத்தைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. அப்படி இருந்தும் கொஞ்சம் தெம்பு வந்த நாட்களில், தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். மருந்தினால் விரல் நுனி மரத்துப்போயிருந்தது. லென்ஸ் கையிலிருந்து நழுவி நழுவி விழும். யாராவது எடுத்துக்கொடுக்க வந்தால் முறைப்பாள்.

ஆறு தடவை முடிந்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது மார்புக் கட்டி தொட்டால் தெரியாத அளவுக்கு வற்றியிருந்தது. ஈரலில் ஒரு புள்ளி மறைந்துவிட்டது. இன்னொன்று பாசிப்பயறு அளவுக்குச் சுருங்கி அப்படியே நின்றது. டாக்டரின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். இனி மாத்திரை போதும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வோம், இது இப்படியே நிற்கிறவரைக்கும் நல்லது என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு அன்று கல்லூரி இல்லாததால் நானும் அவர்களோடு சிவகாசிக்கே போனேன். ஆமத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். பின் சீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான்.

"அந்த ஒரு புள்ளி இன்னும் இருக்காமே" என்றாள்.

"சின்னதாயிருச்சுக்கா. வளரல."

"வளரலன்னா?"

"நின்னுபோச்சு."

அக்கா முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நின்னுபோச்சுன்னா செத்துருச்சா? இல்ல, உசுரோட நிக்குதா?"

என் ஆய்வேட்டுத் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர்கள்கூட என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. தெரியாது என்பதுதான் உண்மையான பதில். அந்தப் பாசிப்பயறு வெறும் தழும்பாக இருக்கலாம். செத்த செல்லும் நின்றுபோன செல்லும் கலந்து கிடக்கலாம். ஸ்கேன் அதைப் பிரித்துக் காட்டாது. ஆனால் பல வருஷம் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஓர் அனுமானம் இருந்தது. அது நல்ல அனுமானம் இல்லை. வெயிலில் மச்சான் மூன்று கிளாஸ் டீயை இரண்டு கையிலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"ஆமாக்கா, அது செத்துருச்சு" என்றேன்.

அவள் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னாள். நாலைந்து மாதமாக எதையும் முழுதாகக் குடிக்காதவள், அன்று கிளாஸைக் காலி செய்தாள். மச்சான் வண்டியின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை.

அதன்பிறகு எட்டு மாதம் அக்கா நன்றாக இருந்தாள். முடி சுருள் சுருளாக வளர்ந்தது. "இந்த வயசுல எனக்குச் சுருட்ட முடி" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கொள்வாள். விரல் மரத்தது கொஞ்சம் குறைந்தது. எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு கம்பெனி பெரிய ஆர்டர் கொடுத்திருந்தது. சரவெடித் தாள் முழுக்க அவர்களுக்கே அச்சிட வேண்டும். அக்கா காலையில் மேஜைக்குப் போனால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

இடையில் ஏப்ரல் மாதம் ஷார்ஜாவிலிருந்து மகள் போன் செய்தாள். அவள் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. எதைத் தின்றாலும் வாந்தி.

"அம்மா, வெயில் ஏறுறதுக்கு முந்தி ஒரு ரெண்டு மாசம் வந்து இருங்கம்மா. உங்க கையால சாப்பிடணும் போல இருக்கு."

நான் அன்று பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"இப்ப என்னத்தா அவசரம்? சீசன் முடியட்டும். பிரசவத்துக்கு வந்து மூணு மாசம் கிடக்கேன். பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேணும்ல?"

"இப்பவே வந்தா என்னம்மா?"

"நான் எங்கடி ஓடிப் போகப் போறேன்?"

இப்பவே போய்விட்டு வா அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவை சொல்லவும் செய்தேன். "போயிட்டுத்தான் வாயேன்." அவள், "பிரஸ்ஸ யாரு பாக்குறது, நீயா?" என்றாள். நான் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டேன். இதற்கு மேல் வற்புறுத்தினால், ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறாய் என்று கேட்பாள்.

மூன்றாம் மாத ஸ்கேனில் புள்ளி அப்படியே இருந்தது. ஆறாம் மாத ஸ்கேனுக்கு அவள் வரவில்லை. தாளில் ஏதோ ஈரக் கோளாறு, லோடு நின்றுகிடந்தது.

"டாக்டர் எடுக்கச் சொன்னா எடுக்கணும்க்கா."

"செத்ததை எதுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கணும்? நீதானே சொன்ன? அடுத்த மாசம் பாப்போம்."

அடுத்த மாதமும் போகவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், நன்றாக நடக்கிறாள், முகத்தில் களை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கையால் நட்டுவைத்த ஒரு வாக்கியத்தைப் பிடுங்கத் தைரியம் இல்லாமல் இருந்தேன் என்பதுதான் விஷயம்.

கடைசி லோடும் போய், பிரஸ் ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாடு போட என் முன்னால் குனிந்தவளின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளைப்பகுதி மஞ்சளாக இருந்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, விலா எலும்புக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். மச்சான் மஞ்சள்காமாலை என்று நினைத்து கீழாநெல்லி வாங்கிவந்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஷார்ஜா போக டிக்கெட் போட்டாகிவிட்டது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. உள்ளே பிள்ளைக்கு அக்காவே தைத்த சின்னத் துணிகள்.

ஸ்கேனில் ஈரல் முழுக்க இருந்தது. ஆறாம் மாதம் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். "வந்திருந்தா மருந்தை மாத்திப் பாத்திருக்கலாம். கொஞ்ச மாசம் கிடைச்சிருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம்" என்றார். இனிமேல் கொடுக்கிற மருந்தை ஈரல் தாங்காது என்றும் சொன்னார்.

மறுநாள் கல்லூரியில் இடைவேளையின்போது என் பழைய ஆராய்ச்சி வழிகாட்டிக்குப் போன் செய்தேன். நின்றுபோன செல்களை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்கிற மருந்துகளை நாங்கள் தட்டில் ஊற்றிப் பார்த்திருக்கிறோம். அப்படி ஏதாவது, எங்கேயாவது, நோயாளிகளுக்குச் சோதித்துப் பார்க்கிறார்களா என்று கேட்டேன். அவர், நின்றுபோன கட்டத்தில் பேசவேண்டியதை இப்போது பேசுகிறாய், உன் அக்காவின் உடம்பில் இப்போது எதுவும் நின்றுகொண்டிருக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்து கூடத்தில் கட்டில் போட்டோம். நான் கல்லூரிக்கு நீண்ட விடுப்புப் போட்டேன். நாலைந்து நாள் கழித்து, மச்சான் மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், அவள் கேட்டாள்.

"அது செத்துருக்காதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உக்காரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"செத்துருச்சுன்னு நிச்சயமாத் தெரியாதுக்கா. சாகாம நிக்கலாம்னு தெரியும். திரும்ப எந்திரிக்கலாம்னும் தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"நீ பயந்துறக் கூடாதுன்னு."

"பயப்படப் போறது நான். உனக்கு என்ன வந்துச்சு?" குரலை அவள் உயர்த்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "தெரிஞ்சிருந்தா ஏப்ரல்லயே போயிருப்பேன்டி. அவ வயித்தத் தடவிக் குடுத்து, அவளுக்கு ஆக்கிப் போட்டுட்டு வந்திருப்பேன். எட்டு மாசம்... எட்டு மாசமா வெடித் தாளப் பாத்துக்கிட்டுக் கிடந்திருக்கேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னைச் சமாதானம் செய்யவும் இல்லை. சின்ன வயதிலிருந்து நான் அழுது அவள் சும்மா இருந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகும் அவளைத் துடைத்துவிட்டதும் கஞ்சி புகட்டியதும் நான்தான். என் கையைத் தட்டிவிடவில்லை. ஜன்னலைத் திற, முதுகைப் பிடி என்று சாதாரணமாகவே பேசினாள். ஆனால் உடம்பைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. வயிறு ஏன் வீங்குகிறது, கால் ஏன் அரிக்கிறது, இன்னும் எம்புட்டு நாள் என்பதையெல்லாம் ஊசி போட வரும் நர்ஸிடம் கேட்டாள். நான் அறையில் இருக்கும்போதே கேட்டாள். அந்தப் பெண்ணும் தயங்கித் தயங்கி, தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள்.

ஷார்ஜாவில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தையல் ஆறவேண்டும், பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வேண்டும், மகளால் உடனே கிளம்ப முடியாது. மச்சான் போனைப் பிடிக்க, அக்கா திரையில் பேத்தியைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தை இன்னும் கிட்டத்தில் காட்டச் சொன்னாள். காட்டியதும் படம் கலங்கிப்போனது. தள்ளிப் பிடிக்கச் சொன்னாள். "மூக்கு உன்ன மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு நிமிஷத்தில் களைத்துப்போனாள். மகள், "அம்மா, நான் வந்துருவேன், வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி வாக்கில் அக்கா போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்களோடு நானும் நின்று தண்ணீர் ஊற்றினேன். உடம்பில் கனமே இல்லை. அக்காவைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது, பெண்கள் நாங்கள் உள்ளேயே நின்றுகொண்டோம்.

துக்கத்துக்கு வந்தவர்களில், எங்கள் பெரியத்தா மகள் ஒருத்திக்கு மட்டும் நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டி, "அந்த எட்டு மாசமாவது அவ நிம்மதியா இருந்தாள்ல? அது உன்னாலதானே?" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதை எடுத்துக்கொள்ள நான் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். அக்கா, "எட்டு மாசம்" என்று சொன்ன குரல் காதில் இருக்கும்போது அது உள்ளே இறங்கவில்லை. நிம்மதியாக இருந்தது அவள் தேர்ந்தெடுத்த விஷயம் இல்லை. என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்கிற உரிமையை நான் அந்தக் காரிலேயே அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

கல்லூரியில் செல் பிரிதல் பாடத்தை இப்போது வேறோர் ஆசிரியை எடுக்கிறார். நான் பூச்சிகளைப் பற்றிய பாடத்தை வாங்கிக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு மகள் பிள்ளையோடு வந்தாள். ஓதி முடித்து, சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போனபின், கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். பிள்ளை என் மடியில் கிடந்தது. மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சாச்சி, நான் அம்புட்டு தடவை கூப்பிட்டேன். அம்மா ஏன் வரல? அப்பல்லாம் நல்லாத்தானே இருந்தாக?"

பிரஸ், சீசன், வெயில் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்யை அந்த வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமத்தூர் டீக்கடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் போன்ல பேசினப்போ நீங்க பக்கத்துலதான் இருந்தீகளா?"

"இருந்தேன்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீகளா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் மச்சான் பக்கம் திரும்பி, "அத்தா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். மச்சான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் அந்தத் திருப்பத்தில் நின்று அவர் என்னிடம் கேட்டதை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிள்ளை என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்துவந்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் இருந்தாள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்ற எனக்கு சலாம் மட்டும் சொன்னாள்.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் சிவகாசிக்குப் போகிறேன். மச்சானுக்கு இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு ஷார்ஜாவிலிருந்து மகளின் வீடியோ கால் வரும். முன்பெல்லாம் போனை என் பக்கமும் திருப்பிக் காட்டுவார். இப்போது மணி அடித்ததும் எழுந்து, போனைக் கையில் மூடிப் பிடித்துக்கொண்டு, மெஷின் ஓடுகிற பக்கமாகப் போய்விடுகிறார். அங்கே போய்விட்டால் அவர்கள் பேசுவது கூடத்துக்குக் கேட்காது.